கோலப் புள்ளியிலிருந்து பன்முகி வரை

மார்கழி விடியலில் தர்மபுரித் தெருக்களில் நடந்தால் இரண்டு வகைப் புள்ளிக் கோலங்களைப் பார்க்கலாம். நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் வரிசைக்கு வரிசை நேர்நேராக நிற்கும். இடைப்புள்ளிக் கோலத்தில், மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ்வரிசையின் புள்ளி வந்து உட்காரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் முதல் வகையில் சதுரங்கள் கிடைக்கும். இரண்டாவதில், இடைவெளியைச் சரியாக வைத்திருந்தால், சமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். கணிதக் கலையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களைக் கட்டிப்போட்டிருக்கும் பன்முகிகளுக்குள் நுழைய இந்த இரண்டு கோலமும் போதும்.

பன்முகி என்பது தட்டையான முகங்களால் எல்லாப் பக்கமும் மூடப்பட்ட திண்ம வடிவம். இரண்டு முகங்கள் சேரும் கோடு விளிம்பு. விளிம்புகள் கூடும் இடம் முனை. செங்கல், தீப்பெட்டி, தாயக்கட்டை, எகிப்தியப் பிரமிடு எல்லாம் பன்முகிகளே. பந்துக்கும் தகர டப்பாவுக்கும் வளைந்த பரப்பு இருப்பதால் அவை இந்தக் குடும்பத்தில் சேரா.

பன்முகியைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முகங்களை எண்ணத்தான் தொடங்குவார்கள். என்னிடம் கணக்குக் கற்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் முனையைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த வடிவத்தின் தலையெழுத்து எழுதப்படுவது முனையில்தான்.

நேர்ப்புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சதுரங்கள் கூடுகின்றன. சதுரத்தின் ஒவ்வொரு மூலையும் 90 பாகை. நான்கும் சேர்ந்தால் 360. இடைப்புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு முக்கோணங்கள். ஒவ்வொன்றும் 60 பாகை; அதுவும் 360. ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகையும் நிரம்பிவிட்டால் அந்த இடம் மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும். கோலம் வாசலோடு படிந்திருப்பதற்கு இதுதான் கணக்கு.

இனி அதே கோலத்தை அட்டையில் வெட்டிப் பார்ப்போம். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழப்பெட்டி அட்டை தடிமனானது. விளிம்புகள் கூர்மையாகச் சேராது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் இந்த வேலைக்குப் பொருத்தம். ஆறு சென்டிமீட்டர் கோடு ஒன்று வரையுங்கள். அதன் இரு நுனியிலும் கவராயத்தின் ஊசியை வைத்து, அதே ஆறு சென்டிமீட்டர் அளவில் வில் வெட்டுங்கள். வில்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை இரு நுனியோடும் இணைத்தால் சமபக்க முக்கோணம். இதேபோல் ஆறு முக்கோணங்களை வெட்டி, ஒரே புள்ளியைச் சுற்றி வைத்து, பக்கங்களை டேப்பால் ஒட்டுங்கள். தட்டையான அறுகோணம் மேசையில் கிடக்கும்.

அதிலிருந்து ஒரு முக்கோணத்தை எடுத்துவிடுங்கள். 60 பாகை இடைவெளி திறந்துகொள்ளும். இடைவெளியின் இரு ஓரங்களையும் இழுத்து ஒட்டினால், மேசையில் கிடந்த அட்டை நடுவில் குவிந்து எழுந்து நிற்கும். தட்டையான காகிதத்தில் முனை பிறப்பது இப்படித்தான். எத்தனை முறை செய்து காட்டினாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

ஐந்து முக்கோணங்கள் கூடினால் தாழ்வான முனை கிடைக்கும். இன்னொன்றை எடுத்து நான்காக்கினால் அது உயரும். மூன்றாக்கினால் ஈட்டி போலக் கூர்மையாகும். இரண்டாகக் குறைத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். உள்ளே இடமே இராது. ஆக, முக்கோணங்களை வைத்து மூன்று வகை முனைகள்தான் செய்ய முடியும். சதுரங்களில் நான்கு கூடினால் தரை, மூன்று கூடினால் கனசதுரத்தின் மூலை. வேறு வழியில்லை. பக்கங்களும் கோணங்களும் சமமாக உள்ள ஒழுங்கான ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூன்று கூடினால் 324. இன்னும் 36 பாகை இடைவெளி மிச்சம். நான்காவது ஐங்கோணத்துக்கு இடமில்லை, மூன்றோடு நிறுத்தினால் தரையும் நிரம்பாது. ஒழுங்கான ஐங்கோணங்களை மட்டும் வைத்து இடைவெளி விடாமல் தளத்தை நிரப்ப முடியாததன் காரணம் இதுதான். தரையில் உதவாத அந்த ஐங்கோணம் முனையாக எழும்போது மிக அழகான வடிவம் ஒன்றைத் தருகிறது. அறுகோணத்தின் மூலை 120 பாகை. மூன்று கூடியதுமே 360 நிரம்பி மறுபடி தரையாகிவிடும். ஏழு பக்கமும் அதற்கு மேலும் உள்ளவற்றில் மூன்றைக்கூடச் சேர்க்க இடம் போதாது.

கதை அவ்வளவுதான். ஒரே அளவான ஒழுங்கு முகங்கள், எல்லா முனையிலும் ஒரே எண்ணிக்கை என்ற நிபந்தனையோடு, வெளிநோக்கி மட்டுமே குவிந்த பன்முகிகளைத் தேடினால் உலகத்தில் ஐந்துக்கு மேல் கிடையாது: நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. பிளேட்டோ இவற்றில் நான்கை நெருப்பு, மண், காற்று, நீர் என்ற பூதங்களோடு பொருத்தி, பன்னிருமுகியைப் பிரபஞ்சம் முழுவதற்கும் ஒதுக்கினார். யூக்ளிட் கி.மு. 300 வாக்கில், தம் பெருநூலின் பதின்மூன்றாம் பாகத்தை இந்த ஐந்துக்கு மேல் இல்லை என்ற நிரூபணத்தோடு முடித்தார்.

ஐந்து என்ற எண்ணை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஓவியர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார், சிற்பி கல்லைத் தேர்ந்தெடுப்பார். இங்கே வடிவமே தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பன்முகிகளின் அழகு என்று நான் சொல்வது இந்தக் கட்டாயத்தைத்தான். முனையில் இத்தனை முக்கோணம் என்பது மட்டுமே நம் முடிவு. மீதி அத்தனையையும் அதுவே முடித்துக்கொள்கிறது.

அது எப்படி முடித்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரெஞ்சு அறிஞர் ரெனே தெக்கார்த் 17ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தது. அவர் எழுதிய மூலப்படி தொலைந்துவிட்டது. 1676இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் பாரிசில் எடுத்து வைத்த நகல் 19ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் உள்ள விஷயம் இது: ஒவ்வொரு முனையிலும் 360 பாகைக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். எல்லா முனைகளின் குறைவையும் கூட்டுங்கள். வெளிநோக்கிக் குவிந்த பன்முகி எதுவானாலும் விடை 720.

கனசதுரத்தில் ஒவ்வொரு முனையிலும் 90 பாகை குறைகிறது. முனைகள் எட்டு. எட்டுத் தொண்ணூறு 720. நான்முகியில் முனைக்கு மூன்று முக்கோணம், அதாவது 180 பாகை, குறைவும் 180, நான்கு முனைக்கு 720. எண்முகியில் குறைவு 120, முனை ஆறு. மறுபடி 720.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், கட்டி முடிக்காத பொருளின் அளவையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முனைக்கு ஐந்து முக்கோணம் என்றால் குறைவு 60. 720ஐ 60ஆல் வகுத்தால் 12. ஆகவே முனைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து முக்கோணம் என்றால் அறுபது. ஒரே முக்கோணத்தை அதன் மூன்று முனைகளிலும் மூன்று முறை எண்ணியிருக்கிறோம், எனவே முகங்கள் இருபது. இருபதுமுகி தயார். ஐங்கோணத்துக்குக் குறைவு 36. வகுத்தால் 20 முனை. இருபதை மூன்றால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 12 முகம். பன்னிருமுகி. பிள்ளைகளிடம் முதலில் விடையை எழுதி வாங்கிவிட்டுத்தான் அட்டையை ஒட்டச் சொல்வேன். கடைசி முக்கோணம் இடைவெளியில் சரியாகப் போய் உட்காரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

720 ஏன்? பள்ளிப் பாடத்தில் வரும் ஆய்லர் சூத்திரம்தான் காரணம். 1750இல் கோல்ட்பாக் என்ற கணிதவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் சொன்னது: முனைகளின் எண்ணிக்கையோடு முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்தால் 2. கனசதுரத்தில் 8 + 6 − 12 = 2. இதையும் 720ஐயும் இணைப்பது கடினமில்லை. ஒரு முகத்தின் மூலைகளின் கூடுதல், அதன் பக்க எண்ணிக்கையை 180ஆல் பெருக்கி 360ஐக் கழித்தால் வருவது. எல்லா முகங்களுக்கும் கூட்டும்போது ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முறை வரும். ஆகவே மொத்தக் கோணம், விளிம்புக்கு 360 வீதம் கூட்டி, முகத்துக்கு 360 வீதம் கழித்தது. முனைக்கு 360 வீதம் இருந்திருக்க வேண்டியதிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது முனை, முகம் இரண்டையும் கூட்டி விளிம்பைக் கழித்ததன் 360 மடங்கு. அது 2 என்று ஆய்லர் சொல்கிறார். 360ஐ இரண்டால் பெருக்குங்கள்.

இதிலிருந்து கலைக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. குறைய வேண்டிய மொத்தம் மாறாதென்றால், முனைகள் கூடக் கூட ஒவ்வொரு முனையின் பங்கும் சுருங்கும். வடிவம் உருண்டையை நெருங்கும். 1970 உலகக் கோப்பையில் வந்த கறுப்பு வெள்ளைக் கால்பந்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு கறுப்பு ஐங்கோணம், இருபது வெள்ளை அறுகோணம், அறுபது முனை. ஒவ்வொரு முனையிலும் ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணமும்: 108, 120, 120, மொத்தம் 348. குறைவு வெறும் 12 பாகை. அறுபது பன்னிரண்டு 720. தோலைத் தைத்துக் காற்றடித்தால் அந்தச் சின்னக் குறைவும் மறைந்து பந்தாகிவிடுகிறது. 1985இல் இதே வடிவத்தில் அறுபது கார்பன் அணுக்கள் கூடிய மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டது. குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் 1996இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பந்து வடிவம் இருபதுமுகியின் முனைகளைச் சீவி எடுத்ததால் வந்தது. சீவுவது என்றதும் நம் ஊர்க் கல்வேலை நினைவுக்கு வருகிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரிகளில் போகும் கிரானைட் பாளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் உள்ள கனசதுரக் கல் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் எட்டு மூலைகளையும் ஒரே அளவில் சீவப் போகிறோம்.

மூலையிலிருந்து ஒவ்வொரு விளிம்பிலும் 29.3 சென்டிமீட்டர் தள்ளிக் குறித்து, மூன்று குறிகளையும் இணைத்து வெட்டினால், மூலை இருந்த இடத்தில் முக்கோணம் தோன்றும். சதுரமாக இருந்த ஆறு முகங்களும் ஒழுங்கான எண்கோணமாகிவிடும். முக்கோணத்தின் பக்கம் 41.4 சென்டிமீட்டர், எண்கோணத்தின் பக்கமும் அதே 41.4. அந்த 29.3 எங்கிருந்து வந்தது? சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதியைக் கவராயத்தில் எடுத்து, ஒவ்வொரு மூலையிலும் ஊசியை வைத்து இரு பக்கங்களிலும் குறியிட்டால், எண்கோணத்தின் எட்டு மூலைகளும் தாமாக விழும். அளவுகோல் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கோயில் மண்டபத் தூண்களில் சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே எண்பட்டையாகக் கட்டு வருகிறதே, அதன் அடிப்படையும் மூலையைச் சீவுவதுதான். நான்கு பட்டைத் தூணைப் பிரமகாந்தம் என்றும் எண்பட்டைத் தூணை விஷ்ணுகாந்தம் என்றும் உருண்டைத் தூணை ருத்ரகாந்தம் என்றும் சிற்ப நூல்கள் பெயரிட்டிருக்கின்றன. நான்கிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பதினாறு, கடைசியில் உருண்டை என்று கல் போகும் வழியும், பன்முகி உருண்டையை நெருங்கும் வழியும் ஒன்றே.

கல்லை இன்னும் ஆழமாகச் சீவுவோம். குறிகள் விளிம்பின் நடுப்புள்ளிக்கு, அதாவது 50 சென்டிமீட்டருக்கு வந்ததும் பக்கத்துப் பக்கத்து வெட்டுகள் தொட்டுக்கொள்கின்றன. பழைய விளிம்புகள் முழுக்கக் காணாமல் போய், எட்டு முக்கோணமும் சாய்வாகத் திரும்பிய ஆறு சதுரமும் மிஞ்சும். இன்னும் உள்ளே போனால் முக்கோணங்கள் வளர்ந்து ஒன்றையொன்று இடித்து அறுகோணமாகும், சதுரங்கள் சுருங்கும். கடைசியில் சதுரங்கள் புள்ளியாகித் தேய்ந்ததும் கையில் இருப்பது எண்முகி. கனசதுரத்தில் தொடங்கி, அதன் ஒவ்வொரு முகத்தின் நடுவையும் முனையாகக் கொண்ட எண்முகியில் முடிந்திருக்கிறோம். வழியில் நின்ற மூன்று வடிவங்களும் ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் பதின்மூன்று பன்முகிகளைச் சேர்ந்தவை. ஆர்க்கிமிடீஸ் எழுதியது அழிந்துபோனது. பப்பஸ் என்ற கிரேக்கக் கணிதவியலாளர் விட்டுச்சென்ற குறிப்பு மட்டும் இருக்க, ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் 1619இல் பதின்மூன்றையும் முழுமையாக மீட்டெழுதினார்.

ஓவியர்கள் இதற்குள் எப்போது வந்தார்கள்? இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டில், கனமான பொருளைத் தட்டைத் துணியில் எப்படிக் காட்டுவது என்று தலையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில். நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் 1495 என்று ஆண்டு குறித்த ஓவியம் ஒன்று இருக்கிறது. லூகா பச்சோலி என்ற கணிதத் துறவி பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், நூலில் கட்டிய கண்ணாடிப் பன்முகி ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. பதினெட்டுச் சதுரம், எட்டு முக்கோணம். உள்ளே பாதிக்குத் தண்ணீர். பின்பக்க விளிம்புகள் முன்பக்கக் கண்ணாடியின் ஊடே தெரிகின்றன. வரைந்தவர் யார் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வடிவத்தில் முனைக்கு மூன்று சதுரமும் ஒரு முக்கோணமும். மொத்தம் 330, குறைவு 30, முனைகள் 24. பெருக்கிப் பாருங்கள்.

பச்சோலியின் நூலுக்குப் பன்முகிகளை வரைந்து கொடுத்தவர் லியனார்டோ டா வின்சி. 1509இல் வெனிசில் அச்சானது. ஒவ்வொரு வடிவத்தையும் அவர் இரண்டு விதமாகக் காட்டினார்: திண்மமாக ஒன்று, முகங்களின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு மரச்சட்டங்களால் கட்டிய கூடாக இன்னொன்று. கூடாகக் காட்டிய அந்தப் படம்தான் பெரிய பாய்ச்சல் என்பது என் கருத்து. பின்பக்கம் என்ன நடக்கிறது என்பதைப் பன்முகி அதுவரை ஒளித்தே வைத்திருந்தது. கூடாக்கியதும் முன்னும் பின்னும் ஒரே பார்வையில் அகப்பட்டன. இன்றைக்குக் கணினியில் பன்முகி வரைபவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு முறைகளைத்தான் பின்பற்றுகிறார்கள்.

விதியை மீறிய அழகும் உண்டு. பன்னிருமுகியின் ஒவ்வொரு ஐங்கோணத்தின் பக்கங்களையும் வெளியே நீட்டிக்கொண்டே போனால் அவை சந்தித்து ஐந்து முனை நட்சத்திரமாகும். பன்னிரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்க, முள்ளுருண்டை போன்ற வடிவம் கிடைக்கும். கெப்ளர் 1619இல் இதை விளக்கி எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்பே வெனிசின் புனித மார்க் தேவாலயத் தரையில் பளிங்குப் பதிகல்லாக இது இடம்பெற்றிருக்கிறது. பவுலோ உச்செல்லோ என்ற ஓவியரின் வடிவமைப்பு என்று கருதப்படுகிறது. நட்சத்திரங்களை முகமாக எண்ணினால் முகம் 12, முனை 12, விளிம்பு 30. கூட்டிக் கழித்தால் 2 வரவில்லை, −6 வருகிறது. முகங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் ஆய்லரின் விதி இங்கே செல்லாது. டச்சு ஓவியர் எஷர் 1952இல் இதே வடிவத்தை எடுத்து, ஒவ்வொரு நட்சத்திரத்தின் கூம்பான கூரைக்கு அடியிலும் ஆமை போன்ற ஒரு பிராணியைக் குடியமர்த்தினார். தலையும் கால்களும் வாசல்கள் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நமக்குப் பக்கத்து வீட்டுச் சுவராகத் தெரியும் முகம், அதில் குடியிருக்கும் பிராணிக்குத் தரை. ஒரே முகம் எத்தனை பேருக்கு எத்தனையாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

அட்டை வேலைக்குத் திரும்புவோம். முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவது முனையைப் புரிந்துகொள்ள உதவும். மாதிரி செய்வதற்கு அது வீண் உழைப்பு. பன்முகியைச் சில விளிம்புகளில் வெட்டி விரித்தால், எல்லா முகங்களும் ஒட்டியபடியே ஒரே துண்டாகத் தரையில் படியும். இதற்கு வலை என்று பெயர். மாம்பழப் பெட்டியை ஒட்டுப் பிரித்து விரித்தால் வருவதும் ஒருவகை வலைதான். கனசதுரத்துக்குப் பதினொரு விதமான வலைகள் உண்டு. சிலுவை வடிவம் அவற்றில் ஒன்று மட்டுமே. மீதிப் பத்தையும் கட்டத்தாளில் தேடிப் பார்ப்பது மழைநாளுக்கு நல்ல வேலை. மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் விளிம்பு நேராக நிற்கும். ஒட்டுவதற்கு ஓரங்களில் அரை சென்டிமீட்டர் நாக்கு விட்டு வெட்டுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக இருந்தால் போதும்.

பன்முகிகளை இப்படி வலையாக விரித்து முதன்முதலில் அச்சில் தந்தவர் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், ஆண்டு 1525. அவர் விரித்துக் காட்டியவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் அழகாக விரிந்தன. வெளிநோக்கிக் குவிந்த எந்தப் பன்முகியைக் கொடுத்தாலும் விளிம்புகளில் மட்டும் வெட்டி, முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா? ஷெப்பர்டு என்ற கணிதவியலாளர் 1975இல் இந்தக் கேள்வியைத் தெளிவாக முன்வைத்தார். முடியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. முடியாத ஒரு பன்முகியையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கத்தரிக்கோலும் அட்டையும் வைத்திருக்கும் பள்ளிப்பிள்ளைக்குப் புரியும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை கிடையாது.